வீட்டுக்குப் பின்னாடி புதர் மண்டிக் கிடக்கா? உண்ணிக் காய்ச்சலைத் தடுப்பது எப்படி?

மழை ஓய்ந்தால் போதும், புல்லும் புதரும் வேகமாக வளர்ந்துவிடும். திண்டுக்கல் மாவட்டம் சித்தையன்கோட்டை போன்று வயலும் தோப்பும் சூழ்ந்த ஊர்களில் இது கவனிக்க வேண்டிய நேரம். காரணம், 'ஸ்க்ரப் டைபஸ்' எனப்படும் உண்ணிக் காய்ச்சல். 2024-25 குளிர்காலத்தில் தமிழக பொது சுகாதாரத்துறை இதுபற்றி எச்சரித்திருந்தது.

மாட்டு உண்ணிதான் காரணமா?

இல்லை. மாடு, நாய் மீது இருக்கும் உண்ணி வேறு. இது புதரில் வாழும் நுண்பூச்சியின் குஞ்சு. கண்ணுக்கே சரியாகத் தெரியாது. புல்லில் உரசும்போது நம் மீது தொற்றிக் கடிக்கும். அப்போது பாக்டீரியா உடலுக்குள் நுழைகிறது. ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவாது.

என்ன செய்யணும்?

• வீட்டைச் சுற்றியுள்ள புல், புதரை வெட்டி, தரையில் வெயில் படும்படி வையுங்க.
• விறகு, தென்னை மட்டையைச் சுவரோரம் குவிக்காதீங்க. அங்கே எலி தங்கும். இந்தப் பூச்சி எலி மீதும் ஒட்டி வாழும்.
• புதர் வெட்டும்போது முழுக்கைச் சட்டை, பேன்ட், ஷூ அவசியம். முடிந்ததும் சோப்பு போட்டுக் குளிங்க. துணியையும் உடனே துவைச்சிடுங்க.
• துவைத்த துணியைப் புல், புதர் மேல் காயப்போடாதீங்க.

அறிகுறி என்ன?

கடித்த சுமார் 10 நாளில் காய்ச்சல், தலைவலி, உடல்வலி வரும். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் சிகரெட் சுட்டது போல் கருப்புப் பொருக்கு இருக்கலாம். வலிக்காததால் பலர் கவனிப்பதில்லை. எல்லோருக்கும் இது வருவதும் இல்லை.

டாக்டரிடம் போனால் "புதர் வெட்டினேன்" என்பதையும் சொல்லுங்க. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் டாக்சிசைக்ளின் மாத்திரையில் குணமாகும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை பாதிக்கப்படலாம்.