கடல் சம்மதித்தால் ஸ்கெல்லிக்!

மாதக்கணக்கில் முன்னதாகவே வாங்கிய டிக்கெட் கையில் இருக்கும். படகும் துறையில் தயாராக நிற்கும். வெயில்கூட அடிக்கும். ஆனாலும் படகுக்காரர் காலை எட்டு மணிக்கு உதட்டைப் பிதுக்கிவிட்டால் அன்றைய பயணம் அவ்வளவுதான். அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள போர்ட்மகீ என்ற சின்ன மீன்பிடி ஊரில் இது வாடிக்கையான காட்சி. ஊருக்குள் இலைகூட அசையாத நாளிலும், அட்லாண்டிக்கின் நடுவில் எங்கோ கிளம்பிய அலை ஸ்கெல்லிக் மைக்கேல் பாறையில் வந்து அறைந்துகொண்டிருக்கும்.

அங்கே துறை என்று இருப்பது பாறை இடுக்கில் வெட்டிய சில படிகள்தான். படகு ஓர் ஆள் உயரத்துக்கு எழும்பித் தாழும். மேலே எழும்பும் கணம் பார்த்து, கைபிடிக்க ஒருவர் இருக்க, காலை எடுத்து வைத்துவிட வேண்டும். தயங்கினால் அடுத்த அலை வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அலை கொஞ்சம் கூடினாலும் யாரையும் இறக்குவதில்லை.

கெர்ரி மாவட்டத்தின் ஐவரா தீபகற்பத்திலிருந்து மேற்கே சுமார் 12 கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்குள் நிற்கிறது இந்தப் பாறை. மொத்தப் பரப்பு சுமார் 22 ஹெக்டேர். ஏக்கரில் சொன்னால் ஐம்பத்துச் சொச்சம். அதிலும் தட்டையான இடம் என்று தேடினால் ஒரு வீட்டு மனை அளவுக்குத் தேறுவதே கஷ்டம். 35 கோடி ஆண்டுகளுக்கும் பழைய மணற்கல் இரண்டு சிகரங்களாக எழுந்து நிற்கிறது. ஒன்று 218 மீட்டர், மற்றது 185 மீட்டர். இரண்டுக்கும் நடுவில் உள்ள பள்ளத்துக்கு 'கிறிஸ்துவின் சேணம்' என்று பெயர். படகு நெருங்க நெருங்க, இதில் மனிதர் ஏறியிருப்பார்கள் என்றே நம்ப முடியாது. ஆனால் ஏறினார்கள். ஏறியதோடு நில்லாமல், ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் அங்கேயே குடியிருந்தார்கள்.

ஆறாம் நூற்றாண்டுக்கும் எட்டாம் நூற்றாண்டுக்கும் இடையில் எப்போதோ கிறிஸ்தவத் துறவிகள் இங்கே வந்து சேர்ந்தார்கள். எகிப்தின் ஆதித் துறவிகள் கடவுளைத் தேடிப் பாலைவனத்துக்குப் போனவர்கள். அயர்லாந்தில் பாலைவனத்துக்கு எங்கே போவது? இருந்தது கடல். அதனால் அவர்கள் கடலில் மனித வாடையே இல்லாத பாறைகளைத் தேடிப் போனார்கள். ஸ்கெல்லிக்கில் ஒரு சமயத்தில் பன்னிரண்டு துறவிகளும் ஒரு தலைவரும் இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கணக்கு.

படகிலிருந்து இறங்கியவர்கள் மடத்தை அடைய 618 படிகள் ஏற வேண்டும். எல்லாம் அந்தத் துறவிகள் போட்ட பாதை. படி என்றதும் ஒரே அளவில் செதுக்கிய படிக்கட்டு என்று நினைத்துவிடக் கூடாது. கிடைத்த பலகைக் கல்லைச் சரிவில் பதித்திருக்கிறார்கள். ஒன்று அரை அடி உயரம் என்றால் அடுத்தது ஒன்றரை அடி. ஒன்று உள்பக்கம் சாய்ந்திருந்தால் இன்னொன்று கடல் பக்கம் சாய்ந்திருக்கும். தூறல் விழுந்தால் வழுக்கும். பெரும்பகுதி தூரத்துக்குக் கைப்பிடியும் கிடையாது. 2009-ஆம் ஆண்டு மட்டும் வெவ்வேறு சமயங்களில் இரண்டு சுற்றுலாப் பயணிகள் இங்கே விழுந்து இறந்துபோனார்கள். அதன் பிறகு பாதுகாப்புப் பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. ஆனாலும் பாதை முழுக்கக் கம்பி அடித்து இடத்தின் முகத்தை மாற்றவில்லை. இறங்கியதும் வழிகாட்டிகள் முதலில் சொல்வது வரலாற்றை அல்ல, எப்படி நடக்க வேண்டும் என்பதைத்தான். படம் எடுப்பதாக இருந்தால் நின்று எடுக்க வேண்டும். நடந்துகொண்டே எடுக்கக் கூடாது.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 180 மீட்டர் உயரத்தில் மடம் இருக்கிறது. தேன்கூடு வடிவத்தில் ஆறு கல் குடில்கள், இரண்டு ஜெபக் கூடங்கள், தேய்ந்த கல் சிலுவைகள் நிற்கும் ஒரு கல்லறைத் தோட்டம், பிற்காலத்தில் கட்டப்பட்டு இடிந்து நிற்கும் ஒரு தேவாலயம்.

இந்தக் குடில்களை நிதானமாகப் பார்க்க வேண்டும். சாந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை, மரச் சட்டமும் இல்லை. வட்டமாக ஒரு வரி கல் அடுக்கி, அதன் மேல் அடுத்த வரியைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்து, அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி என்று ஏற்றிக்கொண்டே போய், உச்சியில் ஒரு கல்லால் மூடியிருக்கிறார்கள். வெளியே பார்த்தால் வட்டம். குனிந்து வாசலில் நுழைந்தால் உள்ளே ஏறக்குறையச் சதுரம். கல்லுக்குக் கல் எடை தாங்கிக்கொண்டு, ஆயிரம் ஆண்டு அட்லாண்டிக் புயல்களுக்கு இந்தக் குடில்கள் அசையவில்லை. வேடிக்கை என்னவென்றால், காலத்தால் பிந்திய தேவாலயத்தைச் சாந்து பூசித்தான் கட்டினார்கள். இடிந்து நிற்பது அதுதான்.

தீவில் ஊற்று கிடையாது. பாறையில் வழியும் மழை நீரைத் தொட்டிகளில் பிடித்துக் குடித்தார்கள். சரிவில் தடுப்புச் சுவர் எழுப்பி மண்ணை நிறுத்தி, காற்று படாத மூலையில் காய்கறி போட்டார்கள். மற்றபடி மீன், கடல் பறவைகள், அவற்றின் முட்டை. இந்த வாழ்க்கையே கடினம் போதாதென்று யாரோ ஒருவர், அல்லது சிலர், எதிரே இருக்கும் 218 மீட்டர் சிகரத்தின் விளிம்பில் இன்னொரு தனிக் குடில் அமைத்துக்கொண்டு அங்கே போயிருக்கிறார்கள். பன்னிரண்டு பேர்கூட அவர்களுக்குக் கூட்டமாகத் தெரிந்திருக்க வேண்டும்! சிகரத்தின் அந்தப் பகுதிக்கு இன்று பொதுமக்களை விடுவதில்லை.

இவ்வளவு தூரத்தில் இருந்தும் வைக்கிங் கொள்ளையர்கள் விடவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்து, எட்கல் என்ற துறவியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் பசியிலும் தாகத்திலும் இறந்தார் என்று அயர்லாந்தின் பழைய ஆண்டுக் குறிப்புகள் பதிவு செய்திருக்கின்றன. பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் குளிரும் புயலும் கூடவே, துறவிகள் கரையில் இருக்கும் பாலின்ஸ்கெல்லிக்ஸுக்குக் குடிபெயர்ந்தார்கள். அந்த மடத்தின் இடிபாடுகளைக் கடற்கரையில் இன்றும் பார்க்கலாம்.

துறவிகள் போன பிறகு ஸ்கெல்லிக் திருத்தலமானது. அதையொட்டி ஒரு சுவையான வழக்கமும் கிளம்பியது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் கத்தோலிக்கர்கள் திருமணம் வைப்பதில்லை, ஆடியில் நம் வீடுகளில் முகூர்த்தம் குறிக்காததைப் போல. அயர்லாந்து புதிய நாள்காட்டிக்கு மாறிய பிறகும் ஸ்கெல்லிக்கில் பழைய கணக்குதான் நடக்கிறது, அங்கே தவக்காலம் பிந்தித்தான் வரும் என்று ஊரில் ஒரு பேச்சு. அதனால் கரையில் நாள் தவறவிட்ட ஜோடிகள் பாறைக்குப் போய்க் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்றார்கள். எத்தனை ஜோடி நிஜமாகவே படகேறியது என்பது வேறு விஷயம். ஊர்க் குறும்பர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. கல்யாணமாகாத ஆண் பெண்களை மனம்போனபடி ஜோடி சேர்த்து, 'இவர்கள் எல்லாம் ஸ்கெல்லிக் போகிறார்கள்' என்று கிண்டல் பாட்டுக் கட்டி அச்சடித்து விற்றார்கள். கெர்ரி, கார்க் மாவட்டங்களில் 19-ஆம் நூற்றாண்டில் 'ஸ்கெல்லிக் பட்டியல்' என்றால் பலருக்கும் வயிற்றில் புளி கரையும்.

1820-களில் இங்கே இரண்டு கலங்கரை விளக்கங்கள் கட்டினார்கள். காவலர்கள் குடும்பத்தோடு வசித்தார்கள். அவர்களில் ஒருவருடைய குழந்தைகள் இருவர் மடத்து வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். ஒரு கலங்கரை விளக்கம் 1870-இல் மூடப்பட்டது. மற்றது 1987 முதல் ஆளில்லாமல் தானாகவே இயங்குகிறது. பெர்னார்ட் ஷா 1910-இல் துடுப்புப் படகில் இங்கே வந்து போனார். இது நாம் வாழும் உலகத்தைச் சேர்ந்த இடமே அல்ல என்ற தொனியில் நண்பருக்குக் கடிதம் எழுதினார். மடத்தைப் பராமரிப்பது அயர்லாந்து அரசின் பொதுப்பணித் துறை. ஆமாம், அங்கே புராதனச் சின்னங்களும் அவர்கள் பொறுப்புதான். 1996-இல் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

ஆனால் இன்றைய தலைமுறைக்கு ஸ்கெல்லிக் அறிமுகமானது யுனெஸ்கோவால் அல்ல, 'ஸ்டார் வார்ஸ்' படத்தால். 2015-இல் வெளியான படத்தின் கடைசிக் காட்சியில் லூக் ஸ்கைவாக்கர் ஒளிந்து வாழும் இடம் இந்தப் பாறைதான். 2017-இல் வந்த படத்திலும் தீவு தொடர்ந்தது. பறவைகள் கூடு கட்டும் இடத்தில் படப்பிடிப்பா என்று ஆர்வலர்கள் எதிர்த்தார்கள். அந்தப் பறவைகளோ வேறு விதத்தில் பழிவாங்கின. குட்டையாக, கறுப்பு வெள்ளைச் சட்டையும் ஆரஞ்சு வண்ண அலகுமாகத் திரியும் பஃபின் பறவைகள் எந்தக் காட்சியிலும் வந்து விழுந்தன. சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை என்பதால் விரட்ட முடியாது. ஒவ்வொரு காட்சியிலிருந்தும் கணினியில் அழிப்பதும் பெரிய வேலை. கடைசியில் பஃபினை மறைக்க 'போர்க்' என்று ஒரு புதுப் பிராணியையே உருவாக்கிப் படத்தில் சேர்த்துவிட்டார்கள்.

பஃபின் இங்கே நிரந்தரக் குடியில்லை. வசந்தத்தில் வரும். சரிவு மண்ணில் வளை தோண்டி ஒரே ஒரு முட்டை இடும். அலகில் வரிசையாகச் சின்ன மீன்களைக் கவ்விக்கொண்டு, நடந்துபோகிறவர்களின் காலடியிலேயே இறங்கி வளைக்குள் ஓடும். ஆகஸ்ட் தொடக்கத்தில் எல்லாம் கடலுக்குப் போய்விடும். குளிர்காலத்தில் அந்த ஆரஞ்சு அலகு உறைகூட உதிர்ந்துவிடும். பாதையை விட்டு விலகி நடக்கக் கூடாது என்று வழிகாட்டிகள் கண்டிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். புல்லுக்குக் கீழே மண் முழுக்க வளை.

பக்கத்திலேயே 'சின்ன ஸ்கெல்லிக்'. அதில் மனிதர் இறங்கவே அனுமதி இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் பனி பெய்தது போல வெள்ளையாகத் தெரியும். அத்தனையும் கேனட் பறவைகளும் அவற்றின் எச்சமும். சுமார் 35,000 ஜோடிகள் அங்கே கூடு கட்டுகின்றன. படகை அதன் அடியில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். இரைச்சலும் நாற்றமும் ஒருசேர வந்து மோதும். உயரத்திலிருந்து இறக்கையை மடக்கிக்கொண்டு செங்குத்தாகக் கடலில் பாயும் கேனட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் மூக்கைப் பொத்த மறந்துபோகும்.

இப்போது கரைக்கு வருவோம். ஸ்கெல்லிக் கிடைக்கவில்லை என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்புகிறவர்களைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும். ஏனென்றால் போர்ட்மகீயில் பாலத்தைத் தாண்டினால் வலென்ஷியா தீவு.

1858 ஆகஸ்டில் அட்லாண்டிக்கின் அடியில் போடப்பட்ட முதல் தந்திக் கம்பியின் ஐரோப்பிய முனை இங்கேதான். விக்டோரியா ராணி அமெரிக்க அதிபருக்கு அனுப்பிய 98 சொல் வாழ்த்து போய்ச் சேரவே 16 மணி நேரம் ஆனது. மூன்றே வாரத்தில் கம்பி செத்துப்போனது. அசராமல் முயன்று, 1866-இல் 'கிரேட் ஈஸ்டர்ன்' என்ற ராட்சதக் கப்பலின் உதவியோடு வலென்ஷியாவிலிருந்து கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து வரை நிலையான கம்பி போட்டார்கள். கப்பலில் பத்துப் பன்னிரண்டு நாள் பிடித்த செய்தி நிமிடங்களில் போனது. அதே கப்பல்தான் 1870-இல் பம்பாய்க்கும் ஏடனுக்கும் இடையே கம்பி போட்டு, இந்தியாவையும் கடலடித் தந்தியில் இணைத்தது. வலென்ஷியா தந்தி நிலையம் 1966 வரை இயங்கியது.

அதே தீவின் வடக்குக் கரையில், அலை வந்து நனைக்கும் பாறைத் தட்டில், இரண்டு வரிசையாகக் குழிகள் ஓடுகின்றன. பார்ப்பதற்கு ஒன்றும் பிரமாதமில்லை. மழைக்குழி என்று தாண்டிப் போய்விடலாம். 1993-இல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த ஒரு நிலவியல் மாணவர்தான் இவை சுமார் 38 கோடி ஆண்டுகளுக்கு முன் ஈர மண்ணில் நடந்த ஒரு நாற்கால் விலங்கின் தடங்கள் என்று கண்டுபிடித்தார். நீரைவிட்டு உயிர்கள் கரையேறிய காலத்துக்குச் சாட்சியாக உலகில் கிடைத்திருக்கும் மிகப் பழைய தடங்களில் இதுவும் ஒன்று.

தீவின் ஸ்லேட் கல் சுரங்கம் 1816-இல் தொடங்கியது. லண்டன் நாடாளுமன்றத்துக்கும் பாரிஸ் ஓபராவுக்கும் கல் போனது இங்கிருந்துதான். தீவை விட்டு வந்து தெற்கே போனால் வாட்டர்வில். சார்லி சாப்ளின் 1959-இல் வந்து, பிடித்துப்போய்க் குடும்பத்தோடு திரும்பத் திரும்ப வந்த ஊர். கடற்கரைச் சாலையில் சிலை வைத்திருக்கிறார்கள். இரவில் வானம் தெளிந்தால் வெளியே வந்து நிற்க வேண்டும். இந்தப் பகுதி 2014 முதல் சர்வதேச இருள்வானக் காப்பகம்.

அனுமதி பெற்ற படகுகள் 15, ஒன்றுக்கு 12 பேர். ஆக, நாளொன்றுக்கு 180 பேருக்கு மேல் ஸ்கெல்லிக்கில் இறங்க முடியாது. சினிமாப் புகழுக்குப் பிறகும் இந்த எண்ணிக்கையை ஆயிரமாக ஏற்றாதது அயர்லாந்து செய்த நல்ல காரியம். பாலமும் கேபிள் காரும் போட்டிருந்தால் படிகளும் பஃபின்களும் பத்து வருடம் தாங்கியிருக்காது.

போக நினைப்பவர்களுக்கு: படகுகள் மே நடுவிலிருந்து செப்டம்பர் முடிய ஓடும். பஃபின் பார்க்க வேண்டுமானால் ஜூலைக்குள் போக வேண்டும். ஒரே நாளை நம்பாமல், கரையில் மூன்று நாளாவது தங்கும்படி திட்டமிடுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களும் உயரத்துக்குப் பயப்படுகிறவர்களும் இறங்காமல் இரண்டு பாறைகளையும் சுற்றிக் காட்டும் படகை எடுப்பது நல்லது. தீவில் கடை இல்லை, ஒதுங்க இடமும் இல்லை. சாப்பாடு, தண்ணீர், மழைச் சட்டை, நல்ல பிடிப்புள்ள காலணி எல்லாம் கையோடு கொண்டுபோக வேண்டும். இன்னொன்று: அயர்லாந்தில் ஷெங்கன் விசா செல்லாது. தனியாக ஐரிஷ் விசா எடுக்க வேண்டும், அல்லது பிரிட்டிஷ் - ஐரிஷ் கூட்டுத் திட்டக் குறிப்பு உள்ள பிரிட்டன் விசா இருக்க வேண்டும்.