கழக உடைமையும் அரசியற் பகையும்

விளையாட்டு அரசியலுக்கு அப்பாற்பட்டதென்பது பலர் கொண்ட கருத்து. தொழின்முறைக் கழகங்களின் உடைமையை ஆராயுமிடத்து அக்கருத்து நில்லாது.

உடைமை என்பது தனியோர் உரிமையன்று. ஆளுதல், பயன்பெறுதல், விற்றல் என்னும் உரிமைகளின் தொகுதியாகும். அரசு இவற்றைத் தனித்தனியே தடுக்கவல்லது. உக்ரேன் போரையொட்டி, 2022 மார்ச் 10இல் பிரித்தானிய அரசு, செல்சி உதைபந்தாட்டக் கழக உரிமையாளர் ரோமன் அப்ரமோவிச்சின் சொத்துக்களை முடக்கிற்று. சிறப்பு அனுமதியின்பேரிற் கழகம் ஆடிற்று. ஊழியர் ஊதியம் பெற்றனர். ஆயின், புதிய நுழைவுச்சீட்டு விற்பனையும் வீரர் கொள்வனவும் தடைப்பட்டன. மே மாத இறுதியிற் கழகம் கைமாறியது. விலைப்பணமாகிய 250 கோடி பவுண் முடக்கப்பட்ட வங்கிக் கணக்கிற் சேர்ந்ததேயன்றி, உரிமையாளர் கையை அடையவில்லை.

சென்னையில் நிகழ்ந்தது வேறு வகை. இலங்கைப் போர் குறித்த கொந்தளிப்பின் நடுவே, 2013 மார்ச்சில் தமிழக முதலமைச்சர் ஜெயலலிதா பிரதமருக்குக் கடிதம் எழுதினார். இலங்கை வீரர் சென்னையில் ஆடுவதில்லையென ஐ.பி.எல். நிருவாகம் முடிவு செய்தது. எவருடைய சொத்தும் முடங்கவில்லை. எனினும், பொருள் கொடுத்து ஒப்பந்தஞ்செய்த வீரரை உரிமையாளர் அந்நகரில் ஆடவைக்க இயலாதாயிற்று. அங்கு நடைபெறவிருந்த இறுதிச் சுற்று ஆட்டங்கள் இரண்டும் டில்லிக்கு மாற்றப்பட்டன.

அவ்வாண்டு பெங்களூர் அணியிலிருந்த முத்தையா முரளிதரனும் இத்தடைக்கு உட்பட்டார். அவர் மலையகத் தமிழர். முன்னர் சென்னை அணிக்கே பந்து வீசியவர். தமிழர்பொருட்டு எழுந்த தடை தமிழர் ஒருவரையே விலக்கிற்று!

செல்சியில் தடை உரிமையாளரைக் குறித்தது. சென்னையில் வீரரின் நாட்டைக் குறித்தது. தடை எவர்மீது விழுகின்றது என்பதைக் கொண்டே அதன் நீதியை அளத்தல் வேண்டும்.