28 பவுனில் வாழ்ந்த பாதிரியார்

சென்னை ராயப்பேட்டையில் வெஸ்லி பெயரில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. யார் இந்த வெஸ்லி?

இங்கிலாந்து நாட்டுப் பாதிரியார். முழுப் பெயர் ஜான் வெஸ்லி. மெதடிஸ்டு சபையைத் தோற்றுவித்தவர். மாதக் கடைசியில் கையைப் பிசையும் குடும்பஸ்தர்கள் அவருடைய கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடன்கார அப்பா

வெஸ்லி 1703-ம் ஆண்டு எப்வொர்த் என்ற ஊரில் பிறந்தார். அப்பாவும் பாதிரியார்தான். நல்ல படிப்பாளி. ஆனால் கையில் காசு தங்காது. பிள்ளைகளோ ஏராளம். 1705-ல் 30 பவுன்கூடப் பெறாத ஒரு கடனுக்காக அவரை லிங்கன் கோட்டைச் சிறையில் அடைத்துவிட்டார்கள். அப்போது ஜானுக்கு 2 வயது.

(இங்கே பவுன் என்பது இங்கிலாந்து நாணயம். நம் வீட்டுப் பெண்கள் கேட்கும் தங்கப் பவுன் அல்ல!)

ஏறிய சம்பளம், ஏறாத செலவு

ஆக்ஸ்போர்டில் இருந்த ஓர் இளைஞரைப் பற்றி வெஸ்லி பிற்காலத்தில் எழுதினார். பெயர் சொல்லவில்லை. அது அவரேதான் என்பது பலர் கருத்து.

அந்த இளைஞருக்கு முதல் வருஷ வருமானம் 30 பவுன். 28 பவுனில் வாழ்ந்தார். 2 பவுனைத் தர்மம் செய்தார். அடுத்த வருஷம் வருமானம் 60 பவுன் ஆயிற்று. செலவு? அதே 28 பவுன்தான்! மீதி 32 பவுன் ஏழைகளுக்குப் போயிற்று. மூன்றாம் வருஷம் 90 பவுன். நான்காம் வருஷம் 120 பவுன். அப்போதும் 28 பவுனிலேயே வாழ்ந்தார்; 92 பவுனைக் கொடுத்துவிட்டார்.

சம்பளம் 10 ரூபாய் ஏறினால் செலவு 15 ரூபாய் ஏறுவதுதான் நாம் கண்ட கணக்கு.

பணம் கடவுளுடையது, மனிதன் அதற்குக் காரியஸ்தன் மட்டுமே என்பது வெஸ்லியின் நம்பிக்கை. ஆகவே நன்றாகச் சம்பாதி, வீண் செலவு செய்யாதே, மிஞ்சியதைக் கொடு என்று உபதேசித்தார். சம்பாதிப்பதற்கும் நிபந்தனை உண்டு. உடம்பைக் கெடுக்கும் வேலை கூடாது. சாராயம் விற்கக் கூடாது. அடகுக்கடை வட்டி கூடாது. அடுத்த கடைக்காரனை ஒழிக்க விலையைக் குறைத்து விற்பதுகூடத் தப்பு!

"பிள்ளைகுட்டிக்காரன் என்ன செய்வது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வெஸ்லிக்குப் பிள்ளைகள் இல்லை. ஆனாலும் முதலில் உன் தேவை, உன் வீட்டார் தேவை. அதற்கு அப்புறம்தான் தர்மம் என்றே அவரும் வரிசைப்படுத்தினார்.

செவ்வாய்க்கிழமை கடன்

திருப்பிக் கட்ட வழியில்லாமல் கடன் வாங்குவதைச் சபை விதியே தடுத்தது. சரி, அவசரத்துக்கு ஏழை எங்கே போவான்? 1746-ல் வெஸ்லி லண்டன் முழுவதும் அலைந்து பணம் திரட்டி ஒரு கடன் நிதி தொடங்கினார். செவ்வாய்க்கிழமை காலையில் கடன் கொடுப்பார்கள். அதிகபட்சம் 20 ஷில்லிங், அதாவது 1 பவுன். 3 மாதத்தில் திருப்ப வேண்டும். சுமார் 50 பவுன் முதலில், ஒரே வருஷத்தில் 250 பேருக்கு மேல் பயன் அடைந்தார்கள்.

பிறகு உச்சவரம்பு உயர்ந்தது. லாக்கிங்டன் என்ற செருப்புத் தொழிலாளி 5 பவுன் கடன் வாங்கிப் பழைய புத்தகம் விற்றார். பிற்காலத்தில் லண்டனிலேயே பெரிய புத்தக வியாபாரி ஆனார். தம் கடையில் கடனே கிடையாது, ரொக்கம்தான் என்று விதித்துவிட்டார்! அப்புறம் அவர் சபையை விட்டு விலகி, அதைக் கேலி செய்து புத்தகமும் எழுதினார் என்பது வேறு கதை.

வெள்ளிக் கரண்டி

வெஸ்லியின் மலிவுப் பிரசுரங்கள் ஏராளமாக விற்றன. பணம் கொட்டியது. 1776-ல் வரி அதிகாரிகளுக்குச் சந்தேகம் வந்தது. "வீட்டில் வெள்ளிச் சாமான் இருக்குமே, கணக்குக் காட்டும்" என்று கேட்டு எழுதினார்கள். லண்டனில் 2 கரண்டி, பிரிஸ்டலில் 2 கரண்டி, அவ்வளவுதான். சுற்றிலும் பலர் ரொட்டிக்கு ஏங்கும்போது மேலே வாங்கப் போவதில்லை என்று பதில் போட்டார்.

வாழ்நாளெல்லாம் கணக்கு எழுதியவர், 1790 ஜூலையில்தான் நோட்டை மூடினார். 1791 மார்ச் 2-ந் தேதி, 87-வது வயதில் காலமானார். தம் உடலை 6 ஏழைகள் சுமந்து செல்ல வேண்டும், ஆளுக்கு 20 ஷில்லிங் கொடுக்க வேண்டும் என்று உயிலில் எழுதி வைத்திருந்தார்.