காவலன் வீட்டிலே கள்வன்

உடலை ஒரு நாடென்று கொண்டால், வெண்குருதிக் கலங்களை அந்நாட்டின் காவற்படை எனலாம். அவற்றுள் ஒருவகை, உட்புகுந்த கிருமியை வளைத்து விழுங்கிச் செரித்துவிடும். அதனாலேயே அறிஞர் அவற்றைத் தின்குழியங்கள் என்பர். ஆனால், விழுங்கப்பட்ட கள்வன் சாகாமல், காவலனின் வீட்டிலேயே குடியிருந்து தன் குலத்தைப் பெருக்கினால் நாட்டின் கதி யாதாகும்?

அத்தகைய கள்வனே புரூசெல்லா என்னும் பற்றீரியா. மத்தியதரைக் கடலிலுள்ள மால்டாத் தீவிலே பிரித்தானியப் படைவீரரை ஒரு காய்ச்சல் நெடுங்காலம் வாட்டியது. வாரக்கணக்கில் ஏறுவதும் இறங்குவதுமாய் நிற்கும். வியர்வையும் மூட்டுவலியும் உடன்வரும். அதனால் மாண்டோரின் மண்ணீரலிலிருந்து கிருமியைப் பிரித்தெடுத்தமையை 1887இல் படை மருத்துவர் டேவிட் புரூஸ் வெளியிட்டார். அது வந்த வழியோ மேலும் 18 ஆண்டுகள் புலப்படவில்லை. 1905இல் மால்டா மருத்துவர் தெமிஸ்தோக்கிளிஸ் சாமிட், நோயின் அறிகுறியின்றி மேய்ந்து திரிந்த ஆடுகளிலே அக்கிருமி உறைவதைக் கண்டார். ஆட்டுப்பாலே வழி! 1906இல் படைவீரருக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டது. அவர்களிடையே நோய் விரைவில் அருகியது. அத்தடை எட்டாத ஊர்மக்களோ தொடர்ந்து வருந்தினர்.

இனி, உடலினுள் நிகழ்வது யாது? தின்குழியம் தான் விழுங்கிய கிருமியை ஒரு சிறு பையில் அடைக்கிறது. செரிக்கும் நொதியங்கள் நிறைந்த இலைசோசோம்கள் அப்பையுடன் இணைந்ததும் கிருமி அழியும். புரூசெல்லாக்களிற் பெரும்பாலானவை இவ்வாறே மடிகின்றன. தப்பிய சிலவோ, தம் புரதங்களைக் கலத்தினுட் செலுத்திப் பையின் போக்கையே மாற்றிவிடுகின்றன. கலத்தின் புரதத் தொழிற்சாலையாகிய அகமுதலுருச் சிறுவலையை அடைந்து, அங்கே பெருகுகின்றன. கிருமி புகுந்த கலம் தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளும் இயல்பையும் தடுக்கின்றன. பின்னர் அக்கலங்களையே ஊர்தியாகக் கொண்டு ஈரல், மண்ணீரல், என்பு மச்சை ஆகியவற்றைச் சென்றடைகின்றன.

உடலும் வாளாவிருப்பதில்லை. நிணநீர்க் கலங்கள் இன்டர்பெரோன்-காமா என்னும் பொருளைச் சுரந்து, தின்குழியத்தைத் தட்டியெழுப்புகின்றன. எனினும், ஒளிந்த கிருமியை ஒழிக்க இரு மருந்துகளைச் சேர்த்து ஆறு வாரமளவில் உண்ண வேண்டியுள்ளது. காய்ச்சல் தணிந்ததென்று இடையில் நிறுத்தினால் நோய் மீளக்கூடும்.

பச்சைப் பாலே உரமூட்டும் என்று சிறுவருக்குப் புகட்டுவோர் இன்றும் உளர். அவர்கள் மால்டாவை நினைவிற் கொள்வாராக. பொங்கக் காய்ச்சிய பாலில் இக்கிருமி உயிர் வாழாது. காவலனையே ஏமாற்றும் கள்வனை, நம் தாய்மார் அடுப்படியிலேயே மடக்கிவிடலாம்.