ஒளி புகாப் பொருளை அளக்கும் நுண்ணோக்கி

பள்ளி ஆய்வுக்கூடத்தில் வெங்காயத்தின் மெல்லிய சவ்வை நுண்ணோக்கியில் பார்த்திராத மாணவர் மிகச் சிலரே இருப்பர். அந்தக் கருவியில் ஒளி கீழிருந்து வருகிறது. மேடைக்கு அடியிலுள்ள சிறு ஆடியைச் சாளரத்தின் பக்கம் திருப்பினால், வெளிச்சம் சவ்வை ஊடுருவிச் சென்று பொருளருகு வில்லைக்குள் நுழைகிறது. இப்போது சவ்வை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஓர் இரும்புத் துண்டை வையுங்கள். இருட்டைத் தவிர வேறொன்றும் தெரியாது. இரும்பு ஒளியை ஊடுருவ விடுவதில்லை அல்லவா?

ஆகவே உலோகத்தைப் பார்க்க வேண்டுமானால், ஒளியை மேலிருந்து அதன்மீது விழச் செய்து, அது திருப்பியனுப்பும் ஒளியைக் கொண்டே பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரைச் சேர்ந்த ஹென்றி கிளிஃப்டன் ஸார்பி என்பவர் 1863-ஆம் ஆண்டில் இதைச் செய்து காட்டினார். பாறைகளைக் காகிதத்தினும் மெல்லியதாகத் தேய்த்து ஊடுருவும் ஒளியில் ஆராய்ந்து பெயர் பெற்றவர் அவர். எஃகை அவ்வாறு தேய்த்துப் பயனில்லை. எனவே அதன் ஒரு முகத்தை மட்டும் பளபளப்பாக மெருகேற்றி, நீர்த்த அமிலத்தால் சற்றே அரிக்கச் செய்து, வில்லையின் முன்னால் ஒரு சிறு ஆடியைச் சாய்த்து வைத்து ஒளியை அதன்மேல் திருப்பினார். எஃகு என்பது ஒரே சீரான பொருளன்று, பல்வேறு மணிகள் நெருங்கி அமைந்த ஒன்று என்பது அப்போது கண்கூடாயிற்று.

பார்ப்பது ஒரு நிலை. அளப்பது அதற்கு அடுத்த நிலை. அளக்கத் தொடங்கும்போதுதான் இக்கருவியின் உண்மையான சங்கடங்கள் வெளிப்படுகின்றன. அவற்றை ஓர் எடுத்துக்காட்டின் வாயிலாகக் காண்போம்.

லாரியின் கியர் பெட்டியில் உள்ள பற்சக்கரங்கள் வெளியே கடினமாகவும் உள்ளே சற்று மென்மையாகவும் இருக்க வேண்டும். வெளிப்புறம் மென்மையாக இருந்தால் பல் தேய்ந்துவிடும். உட்புறமும் கடினமாக இருந்தால் திடீரென்று சுமை ஏறும்போது பல் ஒடிந்துவிடும். ஆகவே மேற்பரப்பில் கரியேற்றிச் சூடாக்கி, எண்ணெயில் விரைந்து குளிரச் செய்கிறார்கள். இவ்வாறு உண்டாகும் கடினமான தோல் எவ்வளவு ஆழத்துக்கு இறங்கியிருக்கிறது? பல்லைக் குறுக்கே வெட்டி, மெருகேற்றி, விளிம்பிலிருந்து உள்நோக்கி வரிசையாகச் சிறு குழிகளைப் பதித்து அளந்து பார்க்கிறார்கள். கடினத்தன்மை விக்கர்ஸ் எண் 550-க்கு இறங்கும் இடம்வரை உள்ள ஆழமே அந்தத் தோலின் ஆழம் எனக் கொள்வது வழக்கம்.

விக்கர்ஸ் சோதனையை ஸ்மித், ஸாண்ட்லாண்டு என்னும் இருவர் இங்கிலாந்தில் விக்கர்ஸ் நிறுவனத்தில் 1920-களின் தொடக்கத்தில் உருவாக்கினர். எதிரெதிர் முகங்களுக்கு இடையே 136 பாகை கோணம் கொண்ட வைரப் பட்டைக்கூம்பை, குறிப்பிட்ட எடையுடன் உலோகத்தின் மேல் அழுத்துகிறார்கள். சதுரமான சிறு குழி விழுகிறது. அதன் மூலைவிட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து வர்க்கப்படுத்தி, 1.8544-ஐ எடையால் பெருக்கி வந்த தொகையை அந்த வர்க்கத்தால் வகுத்தால் கடினத்தன்மை எண் கிடைக்கும். எடை கிலோகிராமில் இருக்க வேண்டும்.

ஒரு கிலோகிராம் எடையில் 550 என்ற எண் கிடைக்க, மூலைவிட்டம் 58.1 மைக்ரான் இருக்க வேண்டும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நாம் ஒரே ஒரு மைக்ரான் கூட்டி 59.1 என்று படித்துவிட்டால் எண் 531 ஆகிவிடும். ஒரு மைக்ரான் குறைத்துப் படித்தால் 569 ஆகிவிடும். மூலைவிட்டம் வர்க்கத்தில் வருவதால் பிழையும் ஏறத்தாழ இரட்டிக்கிறது. எடையை 0.3 கிலோகிராமாகக் குறைத்தால் குழி 31.8 மைக்ரான் அளவே இருக்கும். அப்போது அதே ஒரு மைக்ரான் கூடுதல் 550-ஐ 517 ஆக்கிவிடும். குழி சிறுக்கச் சிறுக்க நுண்ணோக்கியின் பொறுப்பு ஏறிக்கொண்டே போகிறது.

ஒளி செல்லும் வழி

இக்காலக் கருவிகளில் விளக்கு பக்கவாட்டில் பொருத்தப்பட்டிருக்கும். முன்பு டங்ஸ்டன் இழை விளக்குகள் இருந்தன. இன்று பெரும்பாலும் எல்.இ.டி. விளக்குகள். விளக்கின் ஒளி குழாயினுள் 45 பாகை சாய்வாக நிற்கும் ஒரு கண்ணாடித் தகட்டில் படுகிறது. அத்தகடு பாதி ஒளியைக் கடத்தி, பாதியைத் திருப்பும். திரும்பிய பாதி, பொருளருகு வில்லை வழியாகவே கீழிறங்கிப் பொருளின்மேல் விழுகிறது. பொருளிலிருந்து எதிரொளித்து அதே வில்லை வழியாக மேலேறும்போது, மறுபடியும் தகட்டில் பாதியை இழந்து மீதி நம் கண்ணை அடைகிறது. பொருள் சிறிதும் இழக்காமல் ஒளியைத் திருப்பினால்கூட நமக்குக் கிட்டுவது கால் பங்குதான். வில்லையொன்று ஒரே சமயத்தில் விளக்கின் ஒளியைக் குவிக்கும் வில்லையாகவும், உருவத்தைப் பெருக்கும் வில்லையாகவும் வேலை செய்வதே இக்கருவியின் தனிச்சிறப்பு.

மெருகேற்றிய சமதளம் ஒளியை நேரே மேலே திருப்புவதால் வெளிச்சமாகத் தெரிகிறது. குழியின் முகங்களோ தளத்துக்கு 22 பாகை சாய்ந்தவை. நேர்கீழாக வந்த கதிரை அவை 44 பாகை விலக்கி அனுப்புகின்றன. அது வில்லைக்குள் நுழையாமல் வெளியே போய்விடுகிறது. எனவே குழி கருமையாகத் தெரிகிறது. நாம் அளப்பது இந்த வெளிச்சத்துக்கும் கருமைக்கும் இடையிலுள்ள எல்லையைத்தான். உலோகத்தின் விளிம்பைத் தொட்டு அளப்பதில்லை. ஒளியின் விளிம்பையே அளக்கிறோம். ஒளியைச் சரியாக அமைக்காவிட்டால் எல்லை நகர்ந்துவிடும். அளவும் அதனுடன் நகர்ந்துவிடும்.

விளக்குக்கும் கண்ணாடித் தகட்டுக்கும் இடையே, கண்ணின் பாவையைப் போலச் சுருங்கி விரியும் இரண்டு டயாஃபிரம்கள் உள்ளன. ஒன்று, பொருளின்மேல் எவ்வளவு பரப்பு வெளிச்சம் பெற வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. இதைப் புலத் தடுப்பு என்போம். மற்றொன்று, ஒளி எத்தனை அகலமான கூம்பாகப் பொருளின்மேல் விழ வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. இதைக் கூம்புத் தடுப்பு எனலாம். இவ்விரண்டையும் தனித்தனியே ஆளும் முறையை ஜெர்மானியரான அகஸ்டு கோலர் 1893-இல் வெளியிட்டார். நுண்ணோக்கியில் நல்ல புகைப்படம் எடுப்பதற்காக அவர் கண்ட வழி அது. இன்றும் அதைவிடச் சிறந்த பொது முறை வரவில்லை.

கருவியைச் சரிப்படுத்துதல்

முதலில் பொருளைக் கவனிக்காமல் கண்ணருகு வில்லையை மட்டும் கவனியுங்கள். அதனுள்ளே குறுக்குக் கம்பியோ நுண்ணிய அளவுகோலோ இருக்கும். வில்லையைத் திருகி அக்கோடுகள் கூர்மையாகத் தெரியும்படி செய்யவேண்டும். ஒருவர் கண்ணுக்குச் சரியானது மற்றவர் கண்ணுக்குச் சரியாக இராது; ஆகவே ஆள் மாறும்போதெல்லாம் இதைச் செய்தாக வேண்டும். பலர் இதைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். பிறகு தலையைச் சற்று அசைத்தால் கம்பி உருவத்தின்மேல் நகர்கிறதே என்று திகைக்கிறார்கள். இடமாறு தோற்றப் பிழை என்று பாடப்புத்தகத்தில் படித்தது இதுதான்.

பொருளின் மெருகேற்றிய முகம் மேடைக்கு இணையாக இருக்க வேண்டும். துண்டின் அடிப்பாகம் கோணலாக இருந்தால், குழந்தைகள் விளையாடும் பிளாஸ்டிசினில் சிறிது எடுத்துத் தகட்டின்மேல் வைத்து, அதன்மேல் துண்டை வைத்துச் சமன்செய்யும் அழுத்தியால் மெதுவாக அழுத்தினால் போதும். ஆனால் குழி பதிக்கும்போது இதன்மேல் வைக்கக்கூடாது. எடையில் அது அமுங்கிவிடும்.

அடுத்துக் குவியம். எப்போதும் 10 மடங்கு வில்லையிலிருந்து தொடங்குங்கள். பக்கவாட்டில் இருந்து பார்த்துக்கொண்டே வில்லையைப் பொருளுக்கு அருகில் கொண்டுவந்து, பின்னர் கண்ணருகு வில்லையில் நோக்கியவாறு விலக்கிக்கொண்டே குவியம் பெற வேண்டும். நெருக்கிக்கொண்டே தேடினால் வில்லை இரும்பில் மோதும். 40 மடங்கு வில்லைக்கும் பொருளுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத கருவிகள் உண்டு.

உருவம் தெளிந்ததும் புலத் தடுப்பைச் சுருக்குங்கள். அதன் விளிம்பு பொருளின்மேல் கூர்மையாகத் தெரியவேண்டும்; நடுவில் இல்லையென்றால் திருகுகளால் நடுவுக்குக் கொண்டுவந்து, பார்வைப் புலத்துக்குச் சற்று வெளியே மறையும் வரை விரியுங்கள். வீண் ஒளி உள்ளே புகுந்து உருவத்தை மங்கச் செய்வதை இது தடுக்கும்.

இனி, கண்ணருகு வில்லையைக் கழற்றிவிட்டுக் குழாயினுள் நேரே பாருங்கள். அடியில் ஓர் ஒளிவட்டம் தெரியும். கூம்புத் தடுப்பைச் சுருக்கினால் அவ்வட்டமும் சுருங்கும். அது நடுவில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் ஒளி சாய்வாக விழுகிறது என்று பொருள். குழியின் ஒரு பக்க விளிம்பு தடித்தும் மறுபக்க விளிம்பு மெலிந்தும் தோன்றும். இதைக் கண்டுபிடிக்க வேறொரு எளிய வழியும் உண்டு. குவியத் திருகை இலேசாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். உருவம் இருந்த இடத்திலேயே மங்கித் தெளிந்தால் நல்லது. பக்கவாட்டில் நீந்தினால் ஒளி நடுவில் இல்லை.

கூம்புத் தடுப்பை எந்த அளவுக்குத் திறப்பது? வட்டத்தின் முக்கால் பங்கு அளவில் நிறுத்துவது நல்ல தொடக்கம். முழுவதும் திறந்தால் உருவம் வெளிறிவிடும். மிகவும் சுருக்கினால் கறுப்பும் வெளுப்பும் பளிச்சென்று பிரிந்து, பார்வைக்கு மிக அழகாக இருக்கும். புதியவர்கள் இந்த அழகில் மயங்கிவிடுவது இயல்பு. ஆனால் விளிம்பை ஒட்டி விளிம்பு விளைவு வரிகள் தோன்றி, உண்மையான எல்லை எது என்பது குழம்பிவிடும்.

இக்கட்டுரையாசிரியர் பல ஆண்டுகளுக்கு முன் கண்ட நிகழ்ச்சி ஒன்று. பற்சக்கரச் சோதனை ஒன்றில், குறிப்பிட்ட ஆழத்தில் இருந்த ஒரே குழியைக் காலையில் ஒருவரும் மாலையில் மற்றொருவரும் அளந்தனர். ஒருவருக்கு 59.1 மைக்ரான், மற்றவருக்கு 57.6. எண்ணாக மாற்றினால் முன்னது 531, பின்னது 559. அதாவது ஒருவர் கணக்கில் சக்கரம் தள்ளுபடி. மற்றவர் கணக்கில் லாரியில் ஏறிவிடும். இருவரும் கவனமானவர்கள், இருவரும் மூன்று முறை அளந்து ஒரே எண்ணையே பெற்றவர்கள். மாலையில் அளந்தவர் 10 மடங்கு வில்லையைப் பயன்படுத்தி, உருவம் பளிச்சென்று தெரியட்டும் என்று கூம்புத் தடுப்பை ஏறக்குறைய முழுவதும் சுருக்கியிருந்தார். குழியின் கூரிய மூலைகள் அந்த ஒளியில் கரைந்து போயிருந்தன.

அது எப்படி நேரும்? எண் துளை எனப்படும் வில்லையின் ஒளி ஏற்கும் திறன் 0.25 ஆக இருந்தால், பச்சை ஒளியில் அது பிரித்துக் காட்டக்கூடிய மிகக் குறைந்த இடைவெளி 1.3 மைக்ரான் அளவாகும். எண் துளை 0.65 உள்ள 40 மடங்கு வில்லையில் அது 0.5 மைக்ரான் அளவுக்குக் குறைகிறது. கண்ணருகு வில்லையை மாற்றி உருவத்தை எத்தனை பெரிதாக்கினாலும் இந்த எல்லை மாறாது. தெளிவில்லாத மூலை பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். அந்தச் சக்கரத்தை 40 மடங்கு வில்லையில், ஒளியைச் சரிசெய்து மீண்டும் அளந்தபோது 59 மைக்ரானுக்குச் சற்று மேலாகவே வந்தது. அந்த உலைக் கொள்முதல் முழுவதும் நிறுத்தி வைக்கப்பட்டது.

அளத்தல்

கண்ணருகு அளவுகோலின் ஒரு பிரிவு எத்தனை மைக்ரான் என்பது அதன்மேல் எழுதியிருக்காது. ஒவ்வொரு பொருளருகு வில்லைக்கும் தனித்தனியே காண வேண்டும். இதற்கு மேடை அளவுகோல் பயன்படுகிறது. ஒரு மில்லிமீட்டரை நூறு பாகமாகப் பிரித்துக் கோடு கிழித்த தகடு அது. எதிரொளிக்கும் ஒளியில் பயன்படுத்தும் தகட்டின்மேல் மூடுகண்ணாடி இருக்கக்கூடாது; உலோகப் பொருள்களுக்கான வில்லைகள் மூடுகண்ணாடி இல்லாத நிலைக்கே செய்யப்பட்டவை. கண்ணருகு அளவுகோலின் 80 பிரிவுகள் மேடை அளவுகோலின் 20 பிரிவுகளுடன், அதாவது 0.2 மில்லிமீட்டருடன் பொருந்தினால், ஒரு பிரிவு 2.5 மைக்ரான். அத்தனை பெரிய பிரிவைக் கொண்டு ஒரு மைக்ரானை நம்பிக்கையுடன் படிக்க இயலாது. ஆதலால் கடினத்தன்மைச் சோதனைக்கு, கம்பியைத் திருகால் நகர்த்தும் கண்ணருகு வில்லைகளையே பயன்படுத்துகிறார்கள்.

திருகு என்றால் அதன் வெற்றாட்டமும் உடன்வரும். ஒரு திசையில் சுழற்றிவிட்டுத் திடீரென்று மறுதிசையில் திருப்பினால், திருகு சிறிது தூரம் வெறுமனே சுழலும், கம்பி நகராது. பள்ளியில் நகரும் நுண்ணோக்கியைக் கையாண்டவர்கள் இதை அறிவர். இரு மூலைகளையும் ஒரே திசையில் இருந்தே அணுக வேண்டும். தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னுக்கு வந்து மறுபடி அணுகுங்கள். கம்பிக்கும் தடிமன் உண்டு என்பதால், அதன் எந்த விளிம்பை மூலையில் பொருத்துவது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து, பூஜ்யத்தையும் அதே முறையில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து சராசரி எடுக்க வேண்டும். இரண்டும் 5 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் துண்டு சாய்ந்திருக்கிறதா, வைரத்தின் முனை சிதைந்திருக்கிறதா என்று பாருங்கள். குழிகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே மூலைவிட்டத்தைப் போல் மூன்று மடங்கு தூரமேனும் விட வேண்டும்; ஒரு குழி தன்னைச் சுற்றியுள்ள உலோகத்தையும் இறுக்கிவிடுவதால், நெருங்கிய அடுத்த குழி தவறான எண்ணைத் தரும்.

இன்று பல ஆய்வுக்கூடங்களில் காமிராவும் கணினியும் சேர்ந்து மூலைகளைத் தாமே கண்டுபிடித்து எண்ணைத் திரையில் காட்டிவிடுகின்றன. ஆளுக்கு ஆள் வேறுபடும் குறை இதனால் வெகுவாகக் குறைந்துள்ளது. ஆனால் கணினியும் அதே ஒளியின் எல்லையைத்தான் தேடுகிறது. கூம்புத் தடுப்பு கோணலாக இருந்தால் அதுவும் தவறாகவே, ஆனால் சற்றும் தயக்கமின்றிப் படிக்கும். இதற்காகவே, கடினத்தன்மை முன்கூட்டியே அளந்து சான்றளிக்கப்பட்ட ஓர் எஃகுக் கட்டியை அருகில் வைத்திருக்கிறார்கள். அதிலுள்ள குழியின் மூலைவிட்டம் சான்றிதழிலேயே குறிக்கப்பட்டிருக்கும். நாள்தோறும் வேலை தொடங்குமுன் அக்குழியை ஒருமுறை அளந்து, குறிப்பேட்டில் எழுதிய பின்னரே மற்றத் துண்டுகளைத் தொடுவது நல்ல ஆய்வுக்கூடங்களின் வழக்கம். எண்ணுடன் எந்த வில்லை, யார் அளந்தது என்பதையும் எழுதிவைத்தால் பின்னால் சிக்கல் வரும்போது உதவும்.

வேலை முடிந்ததும் வில்லையைக் கைக்குட்டையால் துடைக்காதீர்கள். காற்றூதியால் தூசியை அகற்றிய பிறகு, வில்லைத் தாளால் மெல்ல ஒற்றியெடுத்தால் போதும். நம் நாட்டின் மழைக்காலத்தில் மூடிவைத்த கருவியின் வில்லைகளில் பூஞ்சை படர்வதுண்டு. ஒருமுறை வேர்விட்டால் கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு வைத்து, அது நிறம் மாறும்போது சூடாக்கி உலர்த்தி மறுபடியும் பயன்படுத்தலாம்.