எவர்சில்வர் மேனி கொண்ட மின்சார வண்டி

அமெரிக்க நாட்டில் 'பிக்கப்' என்னும் வண்டிக்குத் தனி மதிப்புண்டு. முன்புறம் நாலைந்து பேர் அமரவும், பின்புறத் திறந்த தட்டில் சுமை ஏற்றவும் வசதியுள்ள இவ்வண்டியை அங்குள்ள குடியானவரும் தச்சரும் தம் தொழிலுக்குத் துணையாகக் கொள்வர். அவ்வினத்திலே தோன்றியும், அதன் வழக்கமான தோற்றத்தை அறவே விலக்கி நிற்பது டெஸ்லா கம்பெனியாரின் 'சைபர்டிரக்' என்னும் மின்சார வண்டி.

முதலில் அதன் உருவத்தை நோக்குவோம். சிறுவன் ஒருவன் அளவுகோல் வைத்து வரைந்த படம் போல, எங்கும் நேர்கோடுகளும் கோணங்களுமே காணப்படும். வர்ணப் பூச்சும் இல்லை. இதனைக் கண்டு நகைப்போர் பலர். ஆயினும் இவ்வுருவத்திற்குக் காரணம் உண்டு. இதன் மேனித் தகடு, நம் இல்லங்களில் குடமாகவும் தம்ளராகவும் புழங்கும் எவர்சில்வர் இனத்தைச் சேர்ந்தது, மிகக் கடினமானது. சாதாரண மோட்டார்த் தகட்டைப் போல் அச்சிலிட்டு அழுத்தி வளைத்தல் இதற்கு இயலாது, நேர்கோட்டில் மடிக்கலாம். ஆகவே உலோகத்தின் குணமே உருவத்தை வகுத்தது எனலாம்.

இனி அதன் ஆற்றல். வண்டியின் எடை ஏறத்தாழ 3 டன். மூன்று மோட்டார்கள் பூண்ட உயர்ந்த வகை 845 குதிரைச் சக்தி உடையது. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை 2.6 வினாடியில் எட்டும் என்பர் கம்பெனியார். 11,000 ராத்தல், அதாவது சுமார் 5 டன் சுமையை இழுக்கவல்லது. ஓட்டுபவர் பிடிக்கும் சக்கரத்திற்கும் சாலையில் உருளும் சக்கரங்களுக்கும் இடையே தண்டு ஏதும் இல்லை; கட்டளை மின்கம்பி வழியே செல்கிறது.

இத்தனை சிறப்பிருந்தும், வாங்கியோர் மனநிறைவு பெற்றனரா? 2019 நவம்பரில் வண்டியை முதன்முதல் காட்டியபோது, கண்ணாடியின் உறுதியை மெய்ப்பிக்க உலோகக் குண்டு எறிந்தனர். கண்ணாடி விரிசல் கண்டது. அன்று கூறிய தொடக்க விலை 39,900 டாலர். அதனை நம்பி 100 டாலர் முன்பணம் கட்டிப் பெயர் பதிந்தோர் பலர். 2023 நவம்பரில் வண்டிகள் கைக்கு வரத் தொடங்கியபோது, அறிவித்த மிகக் குறைந்த விலையே 60,990 டாலர். ஒருமுறை மின்னேற்றினால் 500 மைல் வரை ஓடும் என்ற வாக்கும் 340 மைலாகச் சுருங்கியது.

பின்னர் வந்த குறைகள் இன்னும் கவனிக்கத்தக்கவை. 2024 ஏப்ரலில், வேகமிதியின் மேல்தகடு நழுவிச் சிக்கக்கூடும் என்று 3,878 வண்டிகளைத் திரும்ப அழைத்தனர். பொருத்தும்போது தடவிய சோப்பே காரணமாம்! 2025 மார்ச்சில், கூரையோரத் தகடு ஓட்டத்தில் கழன்று விழக்கூடும் என்று 46,096 வண்டிகளை அழைத்தனர். தகடு வலியதே; அதனை ஒட்டிய பசைதான் பிடி விட்டது.

ரயில்வேயில் ஊழியம் புரியும் நாம் அன்றாடம் காண்பதும் இதுவே. எஞ்சின் எத்தகையதாயினும், பெட்டிகளைப் பிணைக்கும் கொக்கியையும் பிரேக் குழாயையும் சோதித்த பின்னரே வண்டி புறப்படும். பொறியியல் பயிலும் நம் சங்கத்து இளைஞர்கள் புதுமையைத் துணிந்து நாடட்டும். சிறு இணைப்புகளையும் மறவாதிருக்கட்டும். கழன்ற அத்தகட்டிற்குக் கம்பெனியார் கண்ட பரிகாரம் என்ன தெரியுமா? வேறு பசையோடு, பழைய திருகும் மரையுமே!