ஹெட்போனில் இடிக்கும் பேஸ் காரில் எங்கே போகிறது?

ராத்திரி 2 மணி வரை உட்கார்ந்து மிக்ஸ் செய்த பாட்டு. ஹெட்போனில் டிரம்ஸ் அதிர்ந்தது. காலையில் காரில் போட்டால் பேஸையே காணோம். வீட்டிலேயே பாட்டு தயாரிக்கும் பலருக்கு இந்த அனுபவம் இருக்கும்.

தப்பு பெரும்பாலும் காதில் இல்லை, ஹெட்போனில். பாட்டு கேட்பதற்கென்று விற்கும் பல மாடல்களில் பேஸைக் கொஞ்சம் தூக்கியே வைத்திருப்பார்கள். மிக்ஸ் செய்பவர் ‘அதான் தாராளமா இருக்கே’ என்று குறைத்துவிடுவார். மற்ற ஸ்பீக்கர்களில் பாட்டு மெலிந்துபோகும். மிக்ஸிங்குக்குத் தேவை, பாட்டை அழகுபடுத்தாத ஹெட்போன். அட்டைப்பெட்டியில் ‘ஸ்டூடியோ’ என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்கக் கூடாது.

காதுக் கிண்ணத்தின் வெளிப்புறம் சல்லடை மாதிரி திறந்திருந்தால் அது ஓப்பன் பேக். சென்ஹைசர் எச்டி 600 இந்த ரகம். ஒலி உள்ளே அடைபடாமல் இயல்பாகக் கேட்கும் என்பதால் மிக்ஸிங்குக்குப் பலரின் தேர்வு இதுதான். ஆனால், பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் பாட்டு கேட்கும். ஃபேன் சத்தம் உள்ளே வரும். பாடிப் பதிவு செய்யும்போது மைக்கிலும் கசியும். அதற்கு சோனி எம்டிஆர்-7506 போன்ற குளோஸ்டு பேக் வேண்டும். இன்னொன்று: எச்டி 600-ன் மின்தடை 300 ஓம். லேப்டாப்பில் நேரடியாகச் செருகினால் சத்தம் போதாமல் போகலாம். ஆடியோ இன்டர்ஃபேஸோ ஆம்ப்ளிஃபயரோ இருந்தால் நல்லது. 7506-க்கு 63 ஓம்தான், அந்தத் தொல்லை குறைவு. புளூடூத் வேண்டவே வேண்டாம். ஒலி தாமதமாக வரும்.

எவ்வளவு விலை கொடுத்தாலும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. அறையில் இடது ஸ்பீக்கரின் ஒலி வலது காதுக்கும் போகும். ஹெட்போனில் போகாது. அதனால் இடப்பக்கம் வைத்த வீணையும் வலப்பக்கம் வைத்த மிருதங்கமும் நிஜத்தைவிட விலகி நிற்பதாகத் தோன்றும். துளி எதிரொலியும் துல்லியமாகக் கேட்பதால், ‘இது போதும்’ என்று ரிவர்பைக் குறைவாகப் போட்டுவிடத் தோன்றும்.

இதற்கு வழி, நன்றாகப் பழகிய ஒரு பாட்டை அதே ஹெட்போனில், அதே சத்த அளவில் வைத்து அடிக்கடி ஒப்பிடுவது. பிறகு மோனோவில் ஒருமுறை, செல்போன் ஸ்பீக்கரில் ஒருமுறை.

சத்தத்தைக் கூட்டக் கூட்ட பேஸ் அதிகமாகக் கேட்பது மனிதக் காதின் இயல்பு. ராத்திரி நேரம் ஆக ஆக வால்யூமை ஏற்றிக்கொண்டே போனால், காலையில் காரில் அதே ஏமாற்றம்தான். காதுக்கும் கேடு. வாரம் 40 மணி நேரம் கேட்பவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 80 டெசிபல். 90 டெசிபலில் அதே வரம்பு வாரத்துக்கு வெறும் 4 மணி நேரம்.